அலமாரிக்கென்று வாங்கிய நாலு ஸ்க்ரூ

எங்கள் தையல் அறையில் ஒரு மாதமாக ஒரு படகு படுத்திருந்தது. மஞ்சள் நிறக் கயாக், ஒற்றை ஆள் உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டுவது. வேறு இடமில்லாததால் துணி வெட்டும் மேசைமேல் அதை ஏற்றிவிட்டு, நான் தரையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கி நின்றார்கள். மதிய வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழும்போது சுவர், நூல்கண்டு, என் கை எல்லாமே மஞ்சளாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் அறை பூமியில் இருப்பதாகவே தோன்றாது. எனக்கு அது பிடித்தும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டதாம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, இடது கை மட்டும் திரும்பவில்லை. பஸ் போயிற்று. பிறகுதான் இந்த மனிதருக்கு ஏரியில் போய் மீன் பிடிக்கும் ஆசை வந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கரையோரமாகப் போகலாம் என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். கரையில் நின்று சாகப்போவது நான்தானே.

"அங்க போய் நின்னதும் எனக்கு ஒரு தடவை கை காட்டணும்" என்றேன் ஒரு நாள்.

"உருப்படியா இருக்கிறது ஒரு கை. அதால தூண்டிலைப் பிடிக்கவா, உனக்கு டாட்டா காட்டவா?" என்றார்.

அதற்காகத்தான் ஒரு கறுப்பு ஹோல்டரை வாங்கியிருந்தார். படகின் ஓரத்தில் அதைப் பொருத்திவிட்டால் தூண்டில் கழியை அது பிடித்துக்கொள்ளும், அவர் வலது கையால் நூலைச் சுற்றலாம். அது இல்லாவிட்டால் ஏரியும் இல்லை. ஒற்றைக் கையால், ட்ரில் மிஷினை வயிற்றில் அண்டக்கொடுத்து, அரை நாள் பாடுபட்டு நாலு ஓட்டையும் போட்டுவிட்டார். மாட்ட ஸ்க்ரூதான் பாக்கி. நான் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன்.

தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'எதுக்கு'. ஆணி கேட்டாலும் எதுக்கு என்பார், கயிறு கேட்டாலும் எதுக்கு என்பார். காரணம் சொல்லாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு வாஷர்கூட வெளியே வராது. போன வாரம், ஹோல்டர் மாட்ட என்ன வேண்டும் என்று கேட்கப் போன எனக்கு அவர் வகுப்பே எடுத்தார். தானாகக் கடித்துக்கொண்டு இறங்கும் கூர் ஸ்க்ரூ மரத்துக்குச் சரி, படகு பிளாஸ்டிக்கில் நிற்காது. உள்ளே கை எட்டுகிற இடமென்றால் போல்ட் போட்டு, பின்னால் அகலமான வாஷர் வைத்து நட்டு முடுக்க வேண்டும். எட்டாத இடமென்றால் உள்ளே போய் மூன்று காலாக விரிந்துகொள்கிற ரிவெட். எதுவானாலும் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கவேண்டும்.

எல்லாம் காதில் நன்றாக ஏறியிருந்தது. ஏறியிருந்ததால்தான் அன்று, "கூர் ஸ்க்ரூ நாலு குடுங்க, கொஞ்சம் தடியா" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"அலமாரிக்கு."

என் திட்டம் இதுதான். முதல் நாளே ஹோல்டர் பிடுங்கிக்கொள்ளும். கழி தண்ணீரோடு போகும். மனுஷன் வெறுத்துப்போய்த் திரும்பி வருவார். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

"அலமாரின்னா சரி" என்று கொடுத்தவர், "அண்ணன் தெரியாம எடுத்துப் படகுல மாட்டிடப் போறாரு, பாத்துக்கங்க அக்கா" என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் படகின்மேல் வைத்துவிட்டு, பொத்தான் தைக்க ஒரு சட்டையோடு உட்கார்ந்தேன். மஞ்சள் வெளிச்சம் வந்தது. எப்போது கண்ணை மூடினேனோ தெரியாது. தரையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். சாக்கட்டியும் நூல்கண்டுகளும் மிதந்தன. மிஷின் ஆளில்லாமல் மெதுவாக ஓடியது. படகு மேசையை விட்டு எழுந்து, ஜன்னல் வழியாக அகலமான ஏரிக்குள் போனது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், வயது குறைந்து. கழி வளைந்தது, ஹோல்டர் பிய்த்துக்கொண்டு போனது. அப்பாடா என்று நினைத்தேன். அப்போது அந்த நாலு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது, அவசரமே இல்லாமல். நான் படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஓட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன். நூல் நிற்கவே இல்லை. மேலே அவர் எதுவும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தார்.

விழித்தபோது ஊசியும் சட்டையும் மடியில் கிடந்தன. பொத்தானைப் பிடித்து இழுக்காதீர்கள், அது தனியாக வராது, துணியையும் கிழித்துக்கொண்டுதான் வரும் என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். மெல்லிய துணியென்றால் பின்னால் ஒரு துண்டு வைத்துத்தான் தைப்பேன். அப்படிப்பட்டவள், ஹோல்டர் மட்டும் மரியாதையாகக் கழன்று போகும் என்று எப்படி நினைத்தேன்?

பாட்டு மட்டும் நிற்கவில்லை. அவர் எழுந்து வந்து, இரண்டாவது ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, என்ன சுகமா இறங்குது!"

"அதை எடுங்க."

"ஏன்?"

"அது அலமாரி ஸ்க்ரூ. தெரிஞ்சேதான் வாங்கிட்டு வந்தேன். பிடுங்கிட்டு வரட்டும், நீங்க போகாம இருக்கட்டும்னு."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன். ஆனா சண்டையாவது போட்டிருப்போம். நான் விழுந்ததிலேர்ந்து நீ என்கிட்ட சண்டையே போடல. எல்லாத்துக்கும் சரி சரிங்கற. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

அன்று போட்டோம். எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் போட்டோம். அளவு கொடுக்க வந்த ஒரு டீச்சர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். பயமாக இருக்கிறது, நீங்கள் இல்லாமல் எனக்கு இந்த அறைகூட வேண்டாம் என்று கத்தினேன். கத்தி முடித்ததும் மூச்சு நன்றாக வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன்.

"எதுக்கு?"

"படகுக்கு."

"அலமாரி?"

"அது நல்லாத்தான் இருக்கு. நீங்க குடுங்க."

போல்ட் நாலு, அகல வாஷர் நாலு, ரப்பர் வாஷர் நாலு, நட்டு மட்டும் ஐந்து. "ஒண்ணு கண்டிப்பா உள்ள விழும்" என்றார்.

விழுந்தது. படகின் மேல்மூடியைத் திறந்து தோள்வரை கையை விட்டால்தான் அந்த இடம் எட்டும், அதுவும் என் மெலிந்த கைக்குத்தான். உள்ளே குளிர்ச்சியாக, இருட்டாக இருந்தது. வாஷரை வைத்து, நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டேன். வெளியே அவர் முடுக்கினார். அவர் கையின் ஒவ்வொரு திருப்பமும் பிளாஸ்டிக்கைத் தாண்டி என் விரலுக்கு வந்தது. கன்னத்தைப் படகின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கை வலிக்குதா?"

"இல்ல. நீங்க முடுக்குங்க."

நாலும் முடிந்ததும் ஹோல்டரைப் பிடித்து உலுக்கினார். மேசை ஆடியது. ஹோல்டர் ஆடவில்லை.

மறுநாள் காலை ஏரியில் மூடுபனி. லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளை நானே இறுக்கி, படகைத் தள்ளிவிட்டேன். மிதித்துக்கொண்டே போனார். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியவில்லை. ஒரு மஞ்சள் கோடு மட்டும் நடுவில் நின்றது. கழியை ஹோல்டரில் செருகுவது தெரிந்தது. கழி நின்றது.

அவர் திரும்பினார். பிடிக்க எதுவும் இல்லாமல் வலது கை சும்மா இருந்தது. அதை உயரத் தூக்கி, எனக்குக் காட்டினார்.