ஏழு பேர் போதும்

பிஸ்கட் ஆலையின் விளையாட்டுச் செயலாளர் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பெண்கள் கால்பந்து அணியில் மிச்சம் ஏழு பேர். மற்றவர்கள் கல்யாணம், பிரசவம், வேறு வேலை என்று கழன்றுகொண்டிருந்தார்கள்.

“பதினோரு பேர் இல்லாம என்னம்மா அணி? சனிக்கிழமை மைதானத்தை லாரி நிறுத்த விட்டுடுறேன். ஆலைக்காவது பிரயோஜனப்படும்.”

கோல்கீப்பருக்குச் சுருக்கென்றது. பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்யும் அவளை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு நாளும் நின்ற இடத்திலேயே நின்று பெட்டி ஒட்டுபவளுக்கு, இந்த உடம்பு தன்னுடையது என்று தோன்றுவதே சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம்தான். அதையும் லாரிக்குத் தாரைவார்க்க இந்த மனுஷன் யார்?

“ரக்பில ஏழு பேர் ஆட்டம் இருக்கு சார். நகர் கிளப்புல பொம்பளைங்க அணி இருக்கு. அவங்களோட மோத எங்க பேரை எழுதுங்க.”

செயலாளருக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. “ரக்பியா! சரி, மூணு வாரம் தரேன். மேட்ச்ல ஒரே ஒரு தடவை புள்ளி எடுத்துக் காட்டுங்க, மைதானம் உங்களுது. இல்லேன்னா லாரிக்கு.”

வாயைக் கொடுத்தாயிற்று. முதல் நாள் பயிற்சியில் அண்ணி அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அண்ணி என்றால் பூட்டின் அண்ணன் பெண்டாட்டி; ஆலையில் அடுப்புப் பிரிவு, ஆட்டத்தில் கோல் அடிப்பவள்; மொத்த அணிக்குமே அவள் அண்ணிதான்.

“பந்தைக் கையில தூக்கிட்டு ஓடலாமா? அப்ப என் காலுக்கு என்னடி வேலை?”

“ஓடுறதுக்கு. கையால முன்னாடி மட்டும் எறியக் கூடாது அண்ணி. பின்னாடி இருக்கிறவங்களுக்குத்தான் கொடுக்கணும்.”

“பின்னாடி கொடுத்து எப்படிடி முன்னாடி போறது?”

“எல்லாருமா ஓடித்தான். அந்தக் கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில வெச்சு அழுத்தினா அஞ்சு புள்ளி. பந்து வெச்சிருக்கிறவளை யார் வேணா கட்டிப் பிடிச்சுத் தள்ளலாம்.”

“அடேயப்பா, உங்கண்ணன் வீட்டுல தினமும் நடக்கிற கூத்துதான்!” என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு ஏழு பேரும் சிரித்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி தள்ளப் பழகினார்கள்.

போட்டியன்று சிரிப்பெல்லாம் பறந்துபோனது. நகர் கிளப் பெண்கள் கதவுகள் மாதிரி இருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய உடனே பூட்டு பந்தை அழகாகப் பிடித்தாள். பத்து வருஷப் பழக்கத்தில் நேராக அண்ணியைப் பார்த்து முன்னால் வீசியும் விட்டாள். விசில். பந்து எதிரணிக்கு. அடுத்ததாக, சினிமா என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொருத்தி விழுந்தாள். கால்பந்தில் அவள் உருண்ட உருளலுக்கு எத்தனையோ பெனால்டி கிடைத்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர். இங்கேயும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா, அப்பா என்று புரண்டு பார்த்தாள். நடுவர் அவளைத் தாண்டி ஓடினார். எதிரணியும் தாண்டி ஓடிப் போய்ப் புள்ளி எடுத்தது. யாருமே பார்க்காததால் சினிமா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம். இன்னும் ஒரு நிமிஷம். ஓரத்தில் நின்ற செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டுக்கு அழுகை முட்டியது. தோற்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. லாரிக்கு இடம்விட்டு ஒதுங்குவதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

அப்போது எதிரணிக்காரி ஒருத்தி பந்தைத் தவறவிட்டாள். அண்ணி யோசிக்கவே இல்லை, குனியவும் இல்லை. விட்டாள் ஓர் உதை! தரையில் கிடக்கும் பந்தைக் காலால் உதைக்கக் கூடாதென்று இந்த ஆட்டத்திலும் விதி இல்லை. விசில் வரவில்லை.

முட்டைப் பந்து இடமும் வலமுமாகக் குதித்துக் குதித்துப் போனது. அண்ணிக்குப் பின்னாலிருந்து கிளம்பிய பூட்டு, அவளைக் கடந்து ஓடினாள். பக்கத்தில் ஒரு கதவு மூச்சிரைக்க ஓடி வந்தது. பந்து கோட்டைத் தாண்டியது. பூட்டு பாய்ந்து அதன்மேல் குப்புற விழுந்து, நெஞ்சோடு சேர்த்துத் தரையில் அமுக்கினாள். கதவு அவள் முதுகில் விழுந்தது.

வாயில் மண். பத்து வருஷமாக, கோல் கோட்டுக்கு உள்ளே பந்தோடு இப்படிக் கிடந்தாளென்றால் கோல் விட்டது அவள் தப்பு. தலையைத் தூக்கினால் ஏச்சுதான். அந்தப் பழக்கத்தில் இப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏச்சுக்காகக் காத்துக் கிடந்தாள். விசில் நீளமாக ஒலித்தது. அண்ணி வந்து தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். “எழுந்திருடி! அஞ்சு புள்ளிடி!”

பூட்டு மண்ணைத் துப்பிவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணீரும் வந்தது, வந்தால் வரட்டும்.

செயலாளர் மெதுவாக நடந்து வந்தார். “முப்பத்தெட்டுக்கு அஞ்சு. இதுக்கா இந்தக் குதி? ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்.”

“இருக்கட்டும் சார். புள்ளி புள்ளிதான். நீங்க சொன்ன வார்த்தை என்னாச்சு?”

ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். அவர் நோட்டைத் திறந்தார். “சரி, சரி. சனிக்கிழமை உங்களுது. எந்த ஆட்டம்னு போடட்டும்? ரக்பியா?”

“ரெண்டும்.”

“கால்பந்துக்குப் பதினோரு பேர் வேணுமேம்மா!”

“அது எங்க பாடு,” என்றாள் பூட்டு. “நீங்க எழுதுங்க.”