தொடர்பு எண்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்தில் யார் எதற்கு விண்ணப்பம் போட்டாலும், போன் நம்பர் கேட்கும் இடத்தில் இசக்கிசெல்வியின் நம்பரைத்தான் எழுதினார்கள். கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடச் சேர்க்கை, ரயில் டிக்கெட், பிளேன் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதுதான். மெசேஜ் இங்கிலீஷில் வரும், அவள் படித்துச் சொல்வாள். செம்பூரில் ஒரு விமானக் கம்பெனிக்காகப் பயணிகளை அழைத்துப் பேசும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்த பிறகு இந்த வழக்கம் இன்னும் கெட்டிப்பட்டது. "பிளேன்காரி நம்பரப் போடு" என்றார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

எதிர் வீட்டுப் பேராச்சியின் டிக்கெட்டிலும் அந்த நம்பர்தான். பேராச்சியின் மகன் சுயம்பு நிலக்கரிக் கப்பலில் வேலை பார்த்தான். அவனைப் பார்த்து இருபது மாதம் ஆகியிருந்தது. கப்பல் வெள்ளிக்கிழமை காலை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து சனிக்கிழமை விடியும்முன் கிளம்பிவிடும் என்று திடீரென்று தெரிந்தபோது, கப்பல் நின்றிருந்த சிங்கப்பூரிலிருந்தே அம்மாவுக்கு டிக்கெட் போட்டு அனுப்பினான். மும்பையிலிருந்து நேராகத் தூத்துக்குடி. காலை ஏழரைக்கு ஏறினால் பத்து மணிக்குள் வாகைகுளம் ஏர்போர்ட். கப்பலை விட்டு இறங்க அவனுக்கு நாலு மணி நேரம் அனுமதி. ஏர்போர்ட் வாசலிலேயே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தான். இதை விட்டால் இன்னும் பதினொரு மாதம் கடல்தான்.

பேராச்சி பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைப்பவள். கப்பலில் வேலை பார்க்க மகன் கூடவே வைத்திருக்க வேண்டிய பதிவுப் புத்தகம் அளவாக அடங்கும்படி, தண்ணீர் இறங்காத ரெக்ஸினில் ஒரு பை தைத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி அவளைத் தாதர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நகரும் படியில் ஏறி இறங்கப் பழக்கினாள்.

"எட்டீ, பிளேனு நம்மள அள்ளிட்டுப் போவும்னு சொன்னாவ. இதுல நானில்ல படி பின்னால ஓட வேண்டியிருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள் பேராச்சி.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இசக்கிசெல்வி வழக்கம்போல் போனை அணைக்காமல், சத்தத்தை மட்டும் குறைத்து, லாக்கரில் வைத்துப் பூட்டினாள். உள்ளே போனும் கூடாது, பேனாவும் தாளும் கூடாது. பயணிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்பதற்காக அந்த விதி. சாப்பாட்டு நேரத்திலும் லாக்கர் பக்கம் போக முடியாது.

எட்டரைக்கு டீம் லீடர் ஷ்ரவண் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பையன், தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பான்.

"லிஸன், மும்பைலேர்ந்து தெற்கே போற டைரக்ட் ஃப்ளைட் நாளைலேர்ந்து குறைக்கறாங்க. எதெது, எத்தனைன்னு எனக்கே முழுசாத் தெரியாது. லிஸ்ட் வரவர ஸ்க்ரீன்ல வரும். கேன்சல்ங்கற வார்த்தை வாய்ல வரக் கூடாது. நேர மாற்றம். சமஜ் கயே? புரிஞ்சுதா?"

திட்டம் இதுதான். வெள்ளி அதிகாலை சென்னை போகும் விமானத்தில் இருபத்திரண்டு இடம் இருந்தது. அதில் போனால் சென்னையில் மாறி, மதுரையோ தூத்துக்குடியோ, அன்றைக்கே மத்தியானத்துக்குள் சேரலாம். முதலில் சம்மதம் சொல்கிறவர்களுக்கு அந்த இடம். மற்றவர்களுக்கு பெங்களூர் வழி, ஓர் இரவு அங்கே தங்கி, சனி மத்தியானம் சேரலாம். மெசேஜ் போய் ஆறு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால், மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால், சம்மதம் என்று கணக்கு, தானாகவே பெங்களூர்.

இசக்கிசெல்விக்கு வந்தது மதுரைப் பட்டியல். தூத்துக்குடியும் உண்டா என்று ஷ்ரவணிடம் கேட்கலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். கேட்டால், உனக்கு எதற்கு என்பான். கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்கு மாட்டுங்கா வெங்கடேஸ்வரன் எடுத்தார். ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி. மனைவி ருக்குவோடு மதுரையில் மைத்துனர் வீட்டுப் பூணூலுக்குப் போகிறவர். பூணூல் ஞாயிற்றுக்கிழமை.

"நேர மாற்றம்னா என்னம்மா அர்த்தம்? ஃப்ளைட் இருக்கா, இல்லியா? அதைச் சொல்லு மொதல்ல."

"சார், சென்னை வழியா நாளைக்கே போயிரலாம். இதுதான் கடைசி ரெண்டு சீட். உடனே சொன்னீங்கன்னா போட்டுருவேன்."

கடைசி இரண்டு என்பது உண்மையும்கூட. அவர் பெருமூச்சு விட்டு, சரி போடு என்றார். மெசேஜ் தன் போனுக்கு வராது, ருக்குவின் நம்பருக்கு அனுப்பு என்று பத்து இலக்கமும் சொன்னார். அதை மாற்றிப் பதியும் பக்கம் அப்போது திறக்கவில்லை. தாள் இல்லாததால் மேஜைக்கடியில் ஒளித்துவைத்திருந்த ரீஃபிலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ரஞ்சனா ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

"க்யா யார்! ஒரே நம்பர்ல ஒம்பது புக்கிங். எவனோ ஏஜென்ட். காலைலேர்ந்து அடிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறான். டிக்கெட் விக்கத் தெரியுது, போன் எடுக்கத் தெரியல."

திரையில் நம்பர் தெரியாது, எத்தனை புக்கிங் என்பது மட்டும் தெரியும்.

"எத்தன தரம் அடிச்ச?"

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு."

"இன்னொண்ணு அடிச்சிட்டு நோ ரெஸ்பான்ஸ் போடு, தலைவலி விட்டுச்சு" என்றாள் இசக்கிசெல்வி. "எடுக்காதவனுக்கு நாம என்ன செய்ய?"

ரஞ்சனா அப்படியே செய்தாள்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது போன் சூடாக இருந்தது. இருபத்தேழு அழைப்புகள். எல்லாம் ஒரே எண்ணிலிருந்து, அது அவள் அலுவலகத்தின் எண். அதற்குக் கீழே ஒன்பது மெசேஜ், எட்டு நாற்பதுக்கு வந்தவை. பிறகு இரண்டு நாற்பதுக்கு இன்னொரு ஒன்பது. உங்கள் சம்மதத்துக்கு நன்றி என்று தொடங்கின. ஆறாவது மெசேஜில் பேராச்சியின் பெயர் இருந்தது.

அவள் திரும்பி உள்ளே ஓடினாள். ஷ்ரவண் பையை மாட்டிக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"டைம்-அவுட் ஆனா என்னாலயும் திறக்க முடியாது. சென்னை சீட் காலைலயே ஃபுல். அதை விடு. ஒம்பது பேருக்கு உன் நம்பரா? நீ சைடுல ஏஜென்ட் வேலை பாக்கறேன்னு ஆடிட்ல எழுதினா, என்னன்னு பதில் சொல்லுவே? பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? போ வீட்டுக்கு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

படிக்கட்டில் நின்று வேறு கம்பெனி விமானங்களைத் தேடினாள். சென்னை, திருவனந்தபுரம், மதுரை, எதிலும் அன்றிரவு இடமில்லை. நேர் விமானத்தில் போகவிருந்தவர்கள் எல்லோரும் காலையிலிருந்து அவற்றில் இடம் பிடித்துவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேரைப் போன் போட்டு எழுப்பிவிட்டதே இவள்தான். இனி ரயில் ஏறினால் சனிக்கிழமைதான்.

வியர்வையில் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் உள்ளங்கையில் நம்பர் படிக்கும்படி இருந்தது. செய்யக் கூடாது என்று தெரிந்தேதான் அடித்தாள். ருக்கு எடுத்து, கேட்டு, கணவரிடம் கொடுத்தாள்.

"பூணூல் ஞாயித்துக்கெழமதானே சார்? ஒரே ஒரு சீட் விட்டுக் குடுத்தா, எங்க பக்கத்து வீட்டு அக்கா அவங்க மகனப் பாத்துருவாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் சனிக்கிழம..."

மறுமுனையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"கார்த்தால பேசின பொண்ணுதானே நீ? கடைசி ரெண்டு சீட், உடனே சொல்லுங்கோன்னே. சொன்னேனா, இல்லியா? இவளுக்கு முட்டி ரெண்டும் போயாச்சு. சென்னைல தனியா எறங்கி மாறுன்னு இவளை அனுப்பவா? இல்லே, பெங்களூர்ல ராத்திரி பூரா பெஞ்சுல உக்கார வைக்கவா?"

"தெரியாமக் கேட்டுட்டேன் சார்."

"தெரிஞ்சுதான் கேட்டே. நான் கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டேன், பயப்படாதே. ஆனா பாசஞ்சருக்கு இப்படிச் சொந்த போன்லேர்ந்து பண்றது தப்பு. எங்களை ஏம்மா ஒருத்தரோட ஒருத்தர் மோத விடறேள்? ஃப்ளைட்டை எடுத்தவன்கிட்டன்னா நீ கேக்கணும்?"

அவர் சொன்னதில் தப்பு என்று எதையும் அவளால் எடுக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. கையைச் சுவரில் தேய்த்தாள்.

சுயம்புவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. கப்பல் கடலில் இருந்தது.

பேராச்சி வாசலில் உட்கார்ந்து ரெக்ஸின் பையின் ஜிப்பில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி சுற்றி வளைக்காமல் சொன்னாள். போன் லாக்கரில் இருந்ததையும் சொன்னாள். ரஞ்சனாவிடம் தான் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"அப்பம் நாளைக்கிப் போவ முடியாதா?"

"சனிக்கிழம மத்தியானம் போயிரலாம்க்கா."

"சனிக்கிழம அங்க கடலுதானட்டீ இருக்கும்."

பேராச்சி ஜிப்பை ஒருமுறை மூடித் திறந்தாள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"ஊருல உள்ளவனுக்கெல்லாம் நீ போன் போட்டுப் பேசுத. அதுக்குத்தான் ஒனக்குச் சம்பளம் தாராவ. ஒனக்கு ஒரு போன் வந்தா எடுக்கப்பிடாதா?"

"உள்ள கொண்டு போவ விட மாட்டாவக்கா."

"எடுக்க முடியாத போனு நம்பர எங்களுக்கு எதுக்குட்டீ குடுத்த? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, என் நம்பரு ஒதவாதுன்னு. எங்க வீட்டு ஒடஞ்ச போனையாவது போட்டிருப்போம். அடிச்சிருந்தா நான் எடுத்திருப்பேனே. பாஷை புரியாட்டியும் எடுத்திருப்பேனே."

 அவள் நம்பரைக் கொடுத்து ஊருக்குப் பிளேன் டிக்கெட் போட்டிருந்த மற்ற எட்டுப் பேரும் தெரிந்துகொண்டு வந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாள் தாமதத்தில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனாலும் ஒருவன், "பிளேன்காரி, இனி கேஸுக்கு வேற நம்பர் குடுத்துக்கிடுதோம் தாயி" என்றான். யாரோ சிரித்தார்கள். பேராச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இசக்கிசெல்வி பஸ்ஸுக்குப் போகும் வழியில் பட்டறைக் கதவு திறந்திருந்தது. பேராச்சி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். விமானத்துக்குக் கட்ட வைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

லாக்கரைத் திறந்து, பூட்டி, போனை உள்ளே வைக்காமலேயே இசக்கிசெல்வி தன் இடத்துக்கு வந்தாள். துப்பட்டாவுக்குள் மடியில் வைத்துக்கொண்டாள். வாட்ஸ்அப்பில் இன்னும் ஒற்றை டிக்தான். அன்று கோயம்புத்தூர்ப் பட்டியல் வந்திருந்தது. நேர மாற்றம், நேர மாற்றம் என்று இருபது பேரிடம் சொல்லியாயிற்று.

பத்து இருபத்தைந்துக்கு மடி அதிர்ந்தது. தெரியாத எண், தமிழ்நாட்டு எண். அவள் பேசிக்கொண்டிருந்த பயணியை நடுவில் நிறுத்திவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினாள். ரஞ்சனா பயந்துபோய்ப் பார்த்தாள்.

"அக்கா, சுயம்பு பேசுதேன். என் சிம்மு இங்க எடுக்கல. கார் டிரைவர் அண்ணாச்சி போனு. வாகைகுளத்துல நிக்கேன். போர்டுல பாம்பே பிளேனே காணோம். கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல. லேட்டா? அம்ம எந்த வழியா வெளிய வருவாவ?"

அவன் பின்னால் காற்று அடித்தது. ஷ்ரவண் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான். திரையில் அவள் வாசிக்க வேண்டிய வரி ஒளிர்ந்தது: தங்கள் பயணத்தில் ஒரு சிறிய நேர மாற்றம்.

"பிளேன ரத்து பண்ணிட்டாவடே" என்றாள், வரிசை முழுவதும் கேட்கும்படி. "அம்ம இங்கதான் இருக்காவ, பட்டறையில. நேத்தே போன் வந்துச்சு. ஒம்பது பேருக்கும் மூணு மூணு தரம் அடிச்சாவ. நான் எடுக்கல. எடுக்காதவனுக்கு என்ன செய்யன்னு நான்தான் சொன்னேன்."

ஷ்ரவண் அவள் அருகில் வந்து கையை நீட்டினான். போனைக் கொடு என்று வாய் திறக்காமல் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. நாளைக்கு அவள் இங்கே இருக்கப்போவதில்லை என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

சுயம்பு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

"நாலு மணி நேரம் தந்திருக்காவ அக்கா" என்றான். "இன்னும் மூணு மணி நேரம் பாக்கி கெடக்கு. அத வச்சி நான் என்ன செய்யட்டும்?"