காகிதத்தில் மூடிய குழி

2011 ஜூலை பத்தொன்பதாம் தேதி காலை, ரேஷன் கடைக்கு முன்னால் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்த குழியில் முகம்மது மீரானின் ஆட்டோ முன்சக்கரத்தை விட்டுச் சாய்ந்தது. பின்னால் இருந்த நேசபாய் ரோட்டில் விழுந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மீரானுக்கு முழங்காலில் அடி. ஆட்டோவின் முன்பக்கம் வளைந்து, கண்ணாடி நொறுங்கிப் போனது.

நேசபாய்க்கு அண்டி ஆபீசில், முந்திரி ஆலையில், வேலை. முந்திரிப் பருப்பின் தோலை உரித்து எடைபோட்டுக் கொடுத்தால் அன்றைய கூலி. மாவுக்கட்டு போட்ட கையால் என்ன உரிக்க முடியும்? பத்து நாள் வீட்டில் இருந்து பார்த்தாள். பதினோராம் நாள், மீரானையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தக்கலையில் வக்கீல் கிரேசியின் அலுவலகத்துக்குப் போனாள்.

கிரேசி எல்லாவற்றையும் கேட்டாள். மீரானை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, எளுப்பமா ஒரு வழி உண்டு. டிரைவர் கவனமில்லாம ஓட்டினாருன்னு எழுதிக் குடுங்க. இன்சூரன்ஸ்ல வாங்கிரலாம்."

"அவன் கவனமாத்தான் ஓட்டினான் வக்கீலம்மா. குழி செய்த வேலைக்கு அந்தப் பய மேல பழி போட எனக்கு ஒக்காது."

"அப்பம் பேரூராட்சி மேலதான் போவணும். பாடுபடணும்."

"படலாம்."

வக்கீல் நோட்டீஸ் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது: குறிப்பிட்ட இடத்தில் எந்தக் குழியும் இருந்ததில்லை. விபத்து நடந்த இரண்டாம் நாளே ஒரு லாரி வந்து ஜல்லியும் தாரும் போட்டு அந்த இடத்தை மூடியிருந்தது. யாரும் போட்டோ எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்தவர்தான். ஆனால் லைசென்ஸ் புதுப்பிக்க அதே ஆபீசுக்குத்தானே போகவேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் 'ஆட்டோ கவிழ்ந்து' என்று மட்டுமே இருந்தது.

நேசபாய் அந்தப் பதிலை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எங்க ஆபீசுல ஒரு பிடி பருப்பு குறைஞ்சாலும் எழுதி வைப்பாவ. குழிய அடைச்ச தாருக்கு இவங்ககிட்ட ஒரு பில்லு இருக்காதா?"

கிரேசி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். தகவல் உரிமைச் சட்டத்தில் அன்றே நேசபாய் பெயரில் மனு எழுதினாள். அந்த ரோட்டில் அந்த ஆண்டு எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியில் குழி அடைக்கப்பட்டது என்பது கேள்வி.

இருபத்தெட்டாம் நாள் பதிவுத்தபால் வந்தது. ஒரு கையால் பிரிக்க முடியாமல் நேசபாய் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"வாசி மக்கா, வேகம் வாசி."

மீரான் வாசித்தான். ரேஷன் கடை முன்புறம், ஆறடி நீளம், மூன்றடி அகலம், பத்து அங்குல ஆழம் என்றதும் நேசபாய் அவன் தோளில் தட்டினாள். அடுத்த வரியில் அவன் குரல் இறங்கிப் போனது.

"அக்கா, மே மாசம் பதினாலாம் தேதியே அடைச்சாச்சுன்னு போட்டிருக்கு. நாம விழுந்தது ஜூலையில. இது நமக்கு எதிராயிட்டே."

இருவரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். கிரேசி முதல் தாளைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். இரண்டாவது தாளைப் புரட்டினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மீரான், நீங்க அடுத்த தாளைப் பாக்கலியா? அதே இடம், அதே ஆறடி, அதே பத்து அங்குலம். ஜூலை இருபத்தொண்ணுல மறுபடியும் அடைச்சிருக்காவ. ரெண்டுக்கும் பில்லு பாசாயிருக்கு. மே மாசத்துல காகிதத்துல மட்டும்தான் அடைச்சிருக்காவ அக்கா."

நேசபாய் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

2012 பிப்ரவரியில் மக்கள் நீதிமன்றத்தில் அவர்களுடைய மனு எடுக்கப்பட்டது. பேரூராட்சிச் செயல் அலுவலர் கோப்போடு வந்திருந்தார். "அந்த இடத்துல குழியே இல்லைங்க ஐயா" என்றார். நீதிபதி நேசபாயைப் பார்த்தார். பேச வேண்டியதைக் கிரேசி எழுதிக் கொடுத்திருந்தாள். நேசபாய்க்கு அதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. இரண்டு தாளையும் நீட்டினாள்.

"ஐயா, குழி இல்லைன்னு சொல்லுதாவ. இல்லாத குழிக்கு ரெண்டு தடவை தார் ஊத்தியிருக்காவ. நாங்க ரெண்டு தாருக்கும் நடுவுல விழுந்தோம்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் அருகருகே வைத்து, விரலை ஓட்டி வாசித்தார். பிறகு அலுவலரிடம் நீட்டினார். "எந்தத் தாள் சரி என்று நீங்களே சொல்லுங்கள்."

அலுவலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். போன் பேச வேண்டும் என்று வெளியே போனவர் அரைமணி நேரம் கழித்து வந்து சமரசத்துக்குச் சம்மதித்தார். நேசபாய்க்கு அறுபதாயிரம், ஆட்டோ பழுதுக்கும் காயத்துக்கும் மீரானுக்கு இருபத்திரண்டாயிரம். மே மாத பில்லைப் பற்றி மேலதிகாரிக்குத் தனியாக எழுதுவதாகவும் நீதிபதி சொன்னார்.

நேசபாய் வலது கையாலேயே கையெழுத்துப் போட்டாள். இன்னும் முழுதாக மடங்காத கைதான். ஆனாலும் பெயரை முழுக்க எழுதினாள். படியிறங்கும்போது மீரான் நொண்டிக் காலோடு இரண்டு படி சேர்த்துத் தாண்டினான்.

"பதுக்கப் போ மக்கா. இங்க விழுந்தா யாரு மேல கேஸ் போட?"

ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறேழு டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மீரான் கதையைத் தொடங்கினான். அலுவலர் வேர்த்த இடத்துக்கு அவன் சீக்கிரமே வந்துவிட்டான் என்று நேசபாய்க்குக் குறை. அவனை நிறுத்தி, முதலில் இருந்து தானே சொல்ல ஆரம்பித்தாள். ஒருவன் போய் எல்லோருக்கும் சாயா சொன்னான்.