பக்கம் நூற்றெண்பத்தொன்பது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை வேண்டாம். செவ்வாய்க்கிழமை பகல் எங்கள் வாசிப்புக் குழுவின் ஸாதியா என்னை ஃபோனில் கூப்பிட்டு, "அண்ணன், நீங்க கதை எழுதுற ஆள்தானே, ஒரு கதைக்கு முடிவு சொல்லுங்க" என்றாள். ஒரு பெண் பழைய புத்தகம் ஒன்றைச் சத்தமாக வாசிக்கிறாள், அதில் சில பக்கங்கள் இல்லை, தானே இட்டுக்கட்டி வாசித்துவிடுகிறாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இனி அவள் என்ன செய்ய வேண்டும்?

"கதைதானே?" என்றேன்.

"கதைதான்" என்றாள். சொன்ன விதத்திலேயே அது கதை இல்லை என்று விளங்கிவிட்டது. தோண்டிக் கேட்டேன், முழுவதையும் சொன்னாள்.

[அப்போதே நான் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.]

2

முதல் தொடக்கம்:

வாவியின் மேல் காலை வெயில் விரிந்துகொண்டிருந்தபோது ஸாதியா தன்

வேண்டாம். கல்லடி ஊர்க்காரன் கதை எழுதினால் வாவியில்தான் தொடங்குவான் என்று நிஸ்தார் ஏற்கெனவே என்னை நக்கலடித்திருக்கிறான்.

இரண்டாவது தொடக்கம்: நிஸ்தாரிலிருந்தே தொடங்கலாம். ஏறாவூரில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். 'மெல்ல வாசிப்போம்' என்ற வாட்ஸ்அப் குழுவின் தலைவன், காவலாளி எல்லாம் அவன்தான். அறுபத்து மூன்று பேர். காலையில் ஒருவர் ரஷ்ய நாவலொன்றின் அட்டையைப் போடுவார். "இதுல ஒரே ஆளுக்கு நாலு பேர், நான் அம்பதாம் பக்கத்தோட விட்டுட்டன்" என்று இன்னொருவர் எழுதுவார். "விட்டதெண்டு சொல்லாதீங்க, இடைவெளி எடுத்திருக்கன் எண்டு சொல்லுங்க" என்பான் நிஸ்தார். காவியம் பெரிதா நாவல் பெரிதா என்று பகல் முழுக்கப் பறைவார்கள். எவரும் எவரையும் நேரில் பெரிதாகக் கண்டதில்லை. அதனால்தான் இவ்வளவு அன்பு என்று நினைக்கிறேன்.

3

இந்த வருடம் குழு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாவல். அறுபது வருடத்துக்கு முந்தியது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் தேடிப் போவீர்கள். எழுதியவர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது, மறுபதிப்பும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே பிரதி வாகரையில், ஓய்வுபெற்ற தபாலதிபர் வினாயகமூர்த்தி ஐயாவிடம் இருக்கிறது. சுனாமித் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து பிழைத்த பிரதி.

படம் பிடிக்க விரித்தால் புத்தகத்தின் முதுகு உடைந்துவிடும் என்று ஐயா பயந்தார். ஆகவே ஆளுக்கொரு அத்தியாயம் என்று முறை வைத்தோம். புத்தகத்தைச் சொப்பிங் பேக்கில் சுற்றி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவது. அடுத்தவர் தன் ஊரில் அதை எடுத்து, தன் அத்தியாயத்தைக் குரலில் வாசித்துக் குழுவில் போட்டு, மறுபடி பஸ்ஸில் ஏற்றுவது. மற்ற அத்தியாயங்களைக் காதால் மட்டுமே கேட்டோம். பதினான்காம் அத்தியாயம் ஸாதியாவுக்கு வந்தது.

4

ஸாதியாவுக்குக் காத்தான்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. முப்பத்து நாலு வயது. டொக்டரின் எழுத்து விளங்காவிட்டால் ஃபோன் எடுத்துக் கேட்பாளே தவிர, பதினொரு வருடத்தில் ஒரு குளிசையைக்கூட ஊகத்தில் கொடுத்தவள் இல்லை.

அவளுடைய அத்தியாயத்தில் எட்டுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, 187 முதல் 194 வரை. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவியில் காட்டினாள். கடல் உப்பில் இற்றுப்போன கடதாசி அது. பிரியவில்லை, கூழாகிக் கையோடு வந்துவிட்டது. எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாகரையில் அந்த மனிதர் வீட்டில் தண்ணீர் விட்டுவைத்த ஒரே புத்தகம் அது, அதை ஒரு கேத்தலால் அழித்துவிட்டாள்.

மிஞ்சியிருந்த 186ஆம் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். அதன் கடைசி வரி இது: அன்று காலை அந்த இருவரில் ஒருவர் வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அடுத்த அத்தியாயம் மூன்று வருடம் கழித்து, வேறு ஆட்களோடு தொடங்குகிறது.

குழுவில் எல்லோரும் காத்திருந்தார்கள். "ஸாதியா, எங்க பதினாலு?" என்று நிஸ்தார் மூன்று தரம் கேட்டுவிட்டான். அவள் ஃபோனை எடுத்து, பதிவை அமத்தி, 186ஐ வாசித்தாள். நிறுத்தவில்லை. பதினொரு நிமிடம், இல்லாத எட்டுப் பக்கங்களை நாவலாசிரியரின் நடையிலேயே வாசித்தாள்.* புத்தகத்தை ஒவ்வொரு சாட்டாகச் சொல்லி இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறாள்.

*கடைக்காரப் பெண்ணுக்கு இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதின்மூன்று அத்தியாயங்களை வேலைக்குப் போகும் வழியெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டவள் அவள். அந்த நடை அவள் வாயில் ஊறிப்போயிருந்தது. எனக்கு இந்த விளக்கம் போதும். பொறாமை வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

5

அவள் செய்த பிழை இட்டுக்கட்டியது மட்டுமில்லை. வீட்டை விட்டுப் போகிறவராக அந்த நாவலின் கணவனை வைத்தாள்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண் பேரில் இருக்கும். முஸ்லிம்களும் அப்படித்தான், தமிழர்களும் பெரும்பாலும் அப்படித்தான். பிரிவென்று வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது ஆண். வேறு ஊர்களில் எழுதப்பட்ட அந்தக் காலத்து நாவலென்றால் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவாள். ஸாதியாவுக்கு அது தோன்றவே இல்லை. கேட்ட அறுபத்திரண்டு பேருக்கும் உறுத்தவில்லை. நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

அவள் கணக்கில் 189ஆம் பக்கமாக வரும் இடத்தில் கணவன் வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி படலை வரை போய்க் கிறுகித் திரும்பி நின்று, "திறப்பை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்கிறான். அவன் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வைக்க ஓர் இடம் தெரியாதவனைப் போல, தண்ணீர்க் குடத்தின் மூடி மேல் வைத்துவிட்டுப் போகிறான்.

நாலு வருடத்துக்கு முன் ஸாதியாவின் கணவன் இஷாம் அவளிடம் கேட்டது அதே கேள்விதான். அவன் வைத்தது தையல் மெஷின் மேல். இப்போது கட்டாரில் இருக்கிறான். அந்தக் காலையைப் பற்றி அவள் உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

6

குழு கொண்டாடியது. "திறப்பு" என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டு ஒருவர் நாள் முழுக்கப் பேசவில்லை. வினாயகமூர்த்தி ஐயா குரல் பதிவே போட்டார்: "இந்தக் கட்டம் எனக்கு நல்ல ஞாபகம், பிள்ளையள். எழுபத்தெட்டில வாசிச்சிட்டு அழுதனான்." அதைக் கேட்டபோது ஸாதியா கடையில் ஒரு கிழவருக்கு சீனி வருத்தக் குளிசை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து எண்ணினாள்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. நிற்கவில்லை.

கிரானைச் சேர்ந்த விதுர்ஷா பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். எங்கள் குழுவில் ஒருத்தி, ஸாதியாவின் நெருங்கிய கூட்டாளி, வயதில் ஆறு குறைவு. இன்னும் இரண்டு கிழமையில் நிரந்தர வேலைக்கு நேர்முகம். அதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறாள். அதன் சாரம் இதுதான்: ஊர் தெரியாத அந்த நாவலாசிரியர் மட்டக்களப்பில் வாழ்ந்தவர். ஆதாரம், கணவன் வீட்டை விட்டுப் போகும் பதினான்காம் அத்தியாயம்.

"அக்கா, பக்க இலக்கம் மட்டும் சொல்லுங்க, அடிக்குறிப்புல போடணும்" என்று எழுதினாள்.

ஸாதியா, "189" என்று அனுப்பினாள்.

[இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. முதல் பொய் பயத்தில் வந்தது. இதற்கு என்ன சாட்டு? ஆனால் உண்மையைச் சொன்னால் தன் வீட்டுப் படலையையும் திறந்து காட்ட வேண்டும், அறுபத்திரண்டு பேருக்கு. காத்தான்குடியில் அது வாப்பா காதுக்குப் போக அரை நாள் போதும்.]

7

அவள் கேட்ட முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் சொல்லவில்லை. விதுர்ஷாவுக்கு வேலை கிடைக்கிறது. அந்த எட்டுப் பக்கங்கள் பாடப்புத்தகத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் இஷாம் படியிறங்கிய காலையைப் பாடமாக்குகிறார்கள், ஸாதியா கடையில் நின்று

சரிவராது.

ஆ. அவள் கருத்தரங்கில் எழுந்து நின்று சொல்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். இது சினிமா.

இ. நான் சொல்கிறேன்.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இருபது வருடமாக எழுதுகிறேன். "திறப்பை எங்கே வைக்கட்டும்" போல ஒரு வரி என் கையில் வந்ததில்லை. அவள் பதினொரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள், அதுவும் வேறொருவர் பெயரில். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு உதவுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இதை எழுதுவதில் அந்த எரிச்சலும் இருக்கிறது. நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை அவளிடம், "முடிவு கிடைக்கல்ல புள்ள, ஆனா விதுவுக்குச் சொல்லாம இருக்க ஏலாது" என்று மட்டும் சொன்னேன்.

8

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டினார்கள். ஷட்டரை இறக்கிவிட்டு, சேலைன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து ஸாதியா விதுர்ஷாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் போட்டோ கொப்பி மெஷின் ஓடும் சத்தம்.

"அக்கா, கட்டுரைய முப்பது பிரதி அடிக்கிறன். நாளைக்கு வாறீங்கதானே? முன் வரிசை உங்களுக்கு."

"விது, நான் சொல்லுறத இடையில மறிக்காமக் கேளு."

சொன்னாள். கேத்தலைச் சொன்னாள், கூழான கடதாசியைச் சொன்னாள், 189 என்று அனுப்பியதைச் சொன்னாள். மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏச்சுக்குத் தயாராக இருந்தாள். ஏச்சு வாங்கினால் ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அப்ப அந்தத் திறப்பு?" என்றாள் விதுர்ஷா.

"அது என்ட வீடு."

பிறகு யாருக்கோ, "அண்ணன், கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று சொல்வது கேட்டது. மெஷின் நின்றது.

"அந்தப் பக்கங்கள் இப்ப எங்க?"

"இல்ல. கரைஞ்சு போயிட்டு."

"வேற பிரதி?"

"எங்கயும் இல்லயாம். நிஸ்தாரும் தேடின."

கடதாசிக் கட்டொன்றைத் தட்டி அடுக்கும் சத்தம். விதுர்ஷா யோசிக்கிறாள் என்பது ஸாதியாவுக்கு விளங்கியது.

"அக்கா" என்றாள் விதுர்ஷா, மிக மெதுவாக. "இது வேற ஆருக்குத் தெரியும்?"

9

ஒன்று இருபதுக்கு ஸாதியா என்னைக் கூப்பிட்டாள்.

"உங்கட பேரச் சொல்லிட்டன் அண்ணன். நீங்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்க எண்டும் சொன்னன். இதப் பத்தி ஒண்டும் எழுதல்லதானே?"

மடிக்கணினியில் ஏழாம் பகுதி திறந்து கிடந்தது. "இல்ல புள்ள" என்றேன்.

"விது என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல. திரும்ப மெஷின் ஓடத் தொடங்கினது மட்டும் கேட்டிச்சி."

அது கட்டுரையைத் தொடர்ந்து அடித்த சத்தமா, கடைக்கு வந்த வேறு யாருடைய வேலையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. எழுத்தாளனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

முடிவு எழுத மாட்டேன். ஆனால் விதுர்ஷாவின் கேள்விக்கு இன்று பகல் ஒன்று இருபது வரை சரியான பதில், ஒரேயொரு ஆள், நான். இப்போது நீங்கள் இந்த வரி வரை வந்துவிட்டீர்கள்.

நாளை பத்து மணி. கருத்தரங்குக்கு யாரும் வரலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. விதுர்ஷா அந்தக் கட்டுரையை வாசித்தால், முடிவில் கேள்விக்குப் பத்து நிமிடம் இருக்கும். யாராவது கேட்க விரும்புகிறீர்களா என்று அவள் சபையைப் பார்ப்பாள். முன் வரிசையில் இருக்கும் ஸாதியா திரும்பி, உங்கள் கையைப் பார்ப்பாள்.