சிம்னியப் பத்தின வரி

...அந்த ஒரு வரிதான், மத்ததெல்லாம் தூக்கத்துலகூட சொல்லிடுவேன், எங்க ஊருக்கு வந்ததுக்கு நன்றி, ஒரு காலத்துல வசந்தம் வந்தா ஹெர்ரிங் மீன் முட்டையிட வந்து இந்தக் கடலே பால் மாதிரி வெளுத்துப் போகும், மீன் முதலாளி கட்டின மாளிகைய இப்பப் பாக்கப் போறோம், அப்புறம் மீன் வரல, காகித ஆலை வந்துச்சு, அதோ அந்தச் சிம்னில புகை வர்ற வரைக்கும் எங்க ஊர்ல யாரும் பசியோட படுக்க மாட்டாங்க... இங்கதான் நின்னுடறேன். காலைல டூரிஸ்ட் கப்பல் வந்துடும், நான் தூங்கல, பக்கத்து ரூம்ல அப்பாவும் தூங்கல, இருமல் கேக்குது. அவருதான் சொன்னாரு, முந்தாநாள் ராத்திரி சாப்பிட்டுட்டே நான் மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன், கிண்ணத்தக் கீழ வெச்சுட்டு, "ஹோனோகா, அந்த வரிய விட்டுடும்மா"ன்னாரு. ஏம்ப்பா, நல்லா இல்லையா? அம்மா ஏன் திரும்பி நிக்கறாங்க? "வர்ற வசந்தத்துல மெஷின நிறுத்தறாங்க. ஆலைய மூடறாங்க. என் கீழ வேலை செய்யறவங்களுக்கு வேற ஊரு ஆலைல இடம் கேட்டுப் பேசிட்டிருக்கேன், அதுக்குள்ள வெளிய தெரிஞ்சா பேச்சே முறிஞ்சுடும், மூச்சு விடாத." மூச்சு விடாதன்னா எப்படிப்பா, எனக்கு ஏன் சொன்னீங்க, உங்களால தனியா தூக்க முடியலன்னா நான் மட்டும் தூக்குவேனா...

அப்பா கீழ வேலை செய்யறவங்கள்ல மிட்சுகியோட அப்பாவும் ஒருத்தர். மிட்சுகி, என் சிநேகிதி, கப்பல்ல வர்றவங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டற கைடு வேலைல என் ஜோடி, நான் பேசுவேன், அவ பின்னாடி கொடி பிடிச்சுட்டு நிப்பா. அவங்க கட்டப் போற புது வீட்டுக்கு இந்த ஞாயித்துக்கிழமை பூமி பூஜை. மனைக்கு நாலு மூலையிலயும் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, பூசாரி வந்து உப்பும் அரிசிச் சாராயமும் தெளிச்சு, மண்ணு கிட்ட அனுமதி கேப்பாரு. "என் ரூம் ஜன்னல்லருந்து சிம்னி தெரியும்டி, அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வர்றதப் பாத்துட்டே இருக்கலாம்"னு சொன்னா மிட்சுகி. நான் என்ன சொன்னேன்? திரைச்சீலை என்ன கலர்னு கேட்டேன். சீ, என்ன பொண்ணு நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க மூங்கில் நடாம நிறுத்தியிருப்பாங்க, சொல்லியிருந்தா அவங்க அப்பாவுக்கே கிடைக்க இருந்த இடம் போயிருக்கும், வாயத் திறந்தாலும் மூடினாலும் அடி வாங்கறது அவ வீடுதான்...

நேத்து ஒத்திகைல மாட்டிக்கிட்டேன். அந்த வரி வந்ததும் கை சிம்னியக் காட்டணும், என் கை காட்டல, ரெண்டும் தானா சேந்துடுச்சு, கண்ண மூடித் தலையக் குனிஞ்சேன், செத்தவங்க போட்டோ முன்னாடி நிக்கற மாதிரி. சாம்பிராணி மட்டும்தான் இல்ல. மிட்சுகி குபுக்குன்னு சிரிச்சா, "என்னடி, சிம்னிக்கு கருமாதியா? எங்கப்பா உள்ளதான் இருக்காரு, மெதுவாக் கும்புடு!" எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் கைடு குழுவப் பாத்துக்கற தொகாஷி சார்கிட்டப் போனேன், அந்த வரி வேணாமே சார்னு. "நகராட்சி பாத்து ஓகே பண்ணினது, ஒரு எழுத்து மாத்த முடியாது. நீ பயப்படாத, சிரிச்ச மூஞ்சியா சொல்லு, போதும்." சிரிச்ச மூஞ்சியா... அவருக்குத் தெரியுமோ? தெரிஞ்சுதான் சொல்றாரோ? ஊர்ல எத்தனை பேர் இப்படி இருமிக்கிட்டுப் படுத்திருக்காங்க?

சரி, விட்டுடுறேன். யாருக்குத் தெரியப் போகுது, கப்பல்ல வர்றவங்க குடையப் பிடிச்சுட்டு போட்டோ எடுப்பாங்க, சால்மன் சூப் குடிச்சுட்டுச் சாயங்காலம் போயிடுவாங்க, சிம்னி புகைஞ்சா என்ன அணைஞ்சா என்ன அவங்களுக்கு. மீன்லருந்து நேரா, அதுக்கு அடுத்து வர்ற கலங்கரை விளக்கத்துக்குத் தாவிடலாம், பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல, வாய் மட்டும் தப்பிச்சுடும்... ஆனா கொடி பிடிக்கறவங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கே. பேசறவ மறந்துட்டா எடுத்துக் குடுக்கணும். மிட்சுகிக்கு எல்லாம் மனப்பாடம், அந்த வரிதான் அவளுக்கு உசுரு. நான் நிறுத்தினா அவ ஒரு அடி முன்னாடி வருவா, நான் பயந்துட்டேன்னு நெனச்சு என் முதுகத் தட்டிக் குடுத்து, அவளே சொல்லிடுவா, சத்தமா, கையக் காட்டி. அப்போ நான் எங்க பாக்கறது...