சட்டப்படி நல்ல மா

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிறகரி, பன்வில மாதா கோவிலில் பெருநாள்களுக்கு வாசகம் வாசிப்பவர். அந்தப் பழக்கத்தில், ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவரைப் போலத்தான் பேசுவார்.

மாசி மாதம் அவர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது சத்துமாவைப் பறிமுதல் செய்ய. எடை குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மா அது. அதற்குப் போட்ட சோளத்தில் பூஞ்சணம் பிடித்து, அதன் நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டதென்று ஆய்வுகூடம் சொல்லியிருந்தது. கிறகரி தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினார்.

"இது மா இல்லை, தாய்மாரே. ஈரலை மெல்ல மெல்லத் தின்கிற விஷம். இதைப் பிள்ளைக்கு ஊட்டுகிற கை..." என்று சொல்லி, வாக்கியத்தை முடிக்காமல் கண்ணை மூடித் திறந்தார். முடிக்காமல் விட்டால் கூடுதலாகப் பயப்படுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

கொழுந்து பறிக்கும் அனற், மகன் ரொனிக்கு ஊட்டிக்கொண்டிருந்த கிண்ணத்தை அப்படியே வாசலில் ஓடும் கானில் கவிழ்த்தாள். விரலை விட்டு அவன் வாயையும் துடைத்தாள். "நல்ல வேள சொன்னீங்க சார்."

சித்திரையில் அவர் வந்தது அதே மாவைத் திருப்பிக் கொடுக்க.

இடையில் மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது பாட்டுக்கு அலுவலகக் களஞ்சியத்தில் கிடந்தது. நடந்ததெல்லாம் கொழும்பில்தான். புதிதாக மா செய்யச் சோளம் இல்லை. வெளிநாட்டிலிருந்து சோளம் இறக்க அனுமதி இல்லை. பிள்ளைகள் மெலிகிறார்கள் என்று பாராளுமன்றத்தில் ஒரே கூச்சல். நஞ்சைக் குறைப்பது கஷ்டம் என்று கண்ட பெரியவர்கள், அரசாங்க வர்த்தமானி போட்டு அனுமதித்த அளவை உயர்த்திவிட்டார்கள். இரவு விஷமாகப் படுத்த மா, காலையில் சட்டப்படி உணவாக எழுந்தது.

பிரதேச சபைத் தவிசாளர் சந்திரகுமாருக்கு இந்த முன்னேற்றம் மிகவும் பிடித்திருந்தது. பைக்கற் ஒவ்வொன்றிலும் தன் சிரித்த முகத்தை ஒட்டவைத்து, கையளிப்பு விழாவுக்கு நாள் குறித்தார். உயிர்த்த ஞாயிறு முடிந்து வந்த வெள்ளிக்கிழமை.

ஜீப்பில் வரும்போது கிறகரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "தவிசாளர் ஐயா, இன்னொரு தடவை ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு..."

"என்ன சார் நீங்க. வர்த்தமானியவிட ஆய்வு பெரிசா? விஷம்னு சொன்னது நீங்க. நல்லதுன்னும் நீங்க சொன்னாத்தான் சனம் நம்பும்." தவிசாளர் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கண்டி டவுனுக்கு மாற்றம் கேட்டிருக்கீங்களாமே. மகளோட ஸ்கூலுக்குக் கிட்டயா?"

கிறகரி அதற்குமேல் ஆய்வைப் பற்றிப் பேசவில்லை.

தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில்தான் விழா. மக்களின் பசிக்காகத் தான் கொழும்போடு மல்லுக்கட்டிய கதையைத் தவிசாளர் சொன்னார். பிறகு கிறகரி எழுந்தார். விஞ்ஞானம் வளர்கிறது என்றார். அளவுகள் மீள்பரிசீலனை செய்யப்பட்டுள்ளன என்றார். வாக்கியங்களையெல்லாம் இம்முறை ஒழுங்காக முடித்தார்.

"அப்ப விஷம் போயிருச்சுங்களா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"தற்போதைய நியமங்களுக்கு அமைவாக இருக்கிறது."

"போயிருச்சாம்டி" என்று அவள் பக்கத்திலிருந்தவளுக்கு மொழிபெயர்த்தாள்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து யார் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவந்தாலும், அதில் முதலில் செய்கிற பலகாரம் கொண்டுவந்தவருக்குத்தான். காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் வடிவம்மா, பேச்சுகள் முடிவதற்குள் ஒரு பைக்கற்றைப் பிரித்து வறுத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துவிட்டாள். தட்டு முதலில் தவிசாளரிடம் போனது. அவர் ஒன்றை எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கக் கொடுத்து, தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"எனக்கு சீனி வருத்தம்மா, இனிப்பு தொடக்கூடாது. சாருக்குக் குடுங்க."

கிறகரி தனக்கென்று யோசித்து வைத்திருந்த சாக்கும் சீனி வருத்தம்தான். தட்டு முன்னால் வந்து நின்றது. வறுத்த மாவின் வாசம் நன்றாகத்தான் இருந்தது. இன்று வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது, வாய் முந்திக்கொண்டது.

"நான் ஒருசந்தி, விரதம்."

வடிவம்மா சைவக்காரி; மரியாதையாகத் தட்டைப் பின்னால் இழுத்தாள். பின்னால் இருந்த, மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரப் பெண்கள்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தபசு காலம் முடிஞ்சிருச்சே சார்" என்றாள் அனற். அவள் இடுப்பில் ரொனி இருந்தான். பின்னால் போன தட்டிலிருந்து அவன் கைக்கு ஓர் உருண்டை வந்திருந்தது. "இந்தக் கிழமை யாரும் ஒருசந்தி இருக்கப்படாதுன்னு கோயில் சாமியார்கூடச் சொன்னாரே. நீங்க வாசகம் வாசிச்ச பூசையிலதான்."

"சாருக்குப் போன கிழமப் பாக்கி இருந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். கிறகரியும் சிரித்தார். காது சுட்டது.

அவர் சங்கடப்படுகிறார் என்று அனற்றுக்கே பாவமாகப் போய்விட்டது. நாலு உருண்டையைக் கடதாசியில் சுற்றி நீட்டினாள். "நீங்க வேண்டுதலுக்கு இருப்பீங்க சார், பரவால்ல. இத உங்க மக தினுஷா பாப்பாவுக்குக் கொண்டு போங்க."

"ஐயோ, அவளுக்கு வேணாம்."

யோசித்துச் சொன்னதல்ல. சூடான சட்டியிலிருந்து கை விலகுவதைப் போல அது வெளியே வந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. அனற் நீட்டிய கையை மடக்கவில்லை.

"ஏன் சார்?"

"அவளுக்கு... இனிப்பு ஒத்துக்காது."

"அப்படியா சார்" என்றாள். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு ரொனியின் கையிலிருந்த பாதி உருண்டையைப் பிடுங்கினாள். அவன் வீரிட்டான். அந்தப் பாதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.

"சார், நான் படிக்காதவ. குடுக்கவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

வாசலில் நின்ற தவிசாளர் கையடக்கத் தொலைபேசியிலிருந்து தலையை எடுத்தார். "சொல்லுங்க சார். பயப்படுறாங்க பாருங்க."

இரண்டு மாதங்களுக்கு முன் இதே பெண்ணின் முன்னால் அவர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். இன்று அவள் கேட்டதற்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கில்தான் இருந்தது. கண்டி டவுனும் அங்கேதான் இருந்தது.

"சட்டப்படி குடுக்கலாம்" என்றார்.

அனற் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவருக்குத்தான் பார்வையை வைக்க இடம் கிடைக்கவில்லை. சுவரில் இருந்த நிறை அட்டையில் ரொனியின் கோடு கீழே இறங்கியிருந்தது, அங்கும் பார்க்க முடியவில்லை. பெண்களில் சிலர் பைக்கற்றுகளைச் சத்தமில்லாமல் மேசையில் திருப்பி வைத்தார்கள். தவிசாளரின் முகம் வரிசையாகச் சிரித்தது.

ரொனி நிறுத்தவில்லை. அனற் வெளியே மலையைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள், பிறகு அந்தப் பாதியை அவன் கையில் திரும்ப வைத்தாள்.

"காலையில வெறும் தேத்தண்ணிதான் குடிச்சான் சார்" என்றாள், ஏதோ தவறு செய்துவிட்டவள் மன்னிப்புக் கேட்பதைப் போல.

அடுத்த தோட்டத்து விழாவுக்கு ஜீப்பை விட்டு இறங்கும்போதே, யாரும் கேட்பதற்கு முன்பே, கிறகரி சொன்னார்:

"நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்."