பெயரில் மட்டும் பீர்

"இனிமே எம் பொண்ணைப் பீர் எடுத்துட்டு வரச் சொன்னியோ, அந்த ஐஸ் பெட்டியை உன் தலையிலேயே கவுத்துடுவேன்" என்று போன கிறிஸ்துமஸ் அன்றே என் தம்பி டாரலிடம் சொல்லியிருந்தேன். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஜீலாங் பக்கம் இந்த வேலைக்குக் குழந்தைகளை ஏவுவதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. இந்த வருஷமும் கொல்லையில் நான் இறால் சுட்டுக்கொண்டிருந்தபோது குரல் கொடுத்துவிட்டான்.

"மேவ் கண்ணு, மாமாவுக்கு ஒரு பீர்!"

இடுக்கியோடு நான் திரும்புவதற்குள் என் ஏழு வயது மகள், டின்னை, குளிர் போகாமல் காக்கும் ரப்பர் உறையில் பெயர் மறையச் செருகி அவனிடம் நீட்டிவிட்டாள். ஒரு மடக்குக் குடித்ததும் அவன் முகம் கோணியது.

"என்னடி இது? இஞ்சி பீரு! சின்னப் பசங்க குடிக்கிற சோடா!"

"பேர்ல பீர் இருக்குல்ல மாமா? போன தடவை அந்த பீரைக் குடிச்சிட்டு, எனக்குப் பந்து போடறேன்னு சொல்லிட்டு ஸ்டம்ப் பக்கத்துலயே தூங்கிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டாரல் சிரிக்கவில்லை. டின்னைக் காலி செய்தான்.

"இன்னொண்ணு கொண்டா."

"நீங்களே போய் எடுங்க. நான் பீர் எடுத்துத் தரக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

எழுந்து போனான். பெட்டியில் இரண்டு வகையும் கிடந்தன. ஐஸுக்குள் துழாவிய அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் இறால் கருகியது. இரண்டு இஞ்சி பீரோடு திரும்பி வந்து, ஒன்றை மேவிடம் கொடுத்தான்.

"குடிச்சிட்டு மட்டையைப் பிடி. போன வருஷத்துப் பந்தையும் சேர்த்துப் போடறேன்."